ஆறாவது வோங்

பழைய துப்பறியும் படங்களில் ஆர்வமுள்ள நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது, 1940-இல் மோனோகிராம் நிறுவனம் வெளியிட்ட 'ஃபாண்டம் ஆஃப் சைனாடவுன்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. திகில் பட நடிகர் போரிஸ் கார்லோஃப் ஐந்து படங்களில் வோங் என்ற சீனத் துப்பறிவாளராக நடித்த தொடரின் ஆறாவது படம் அது; அதில் வோங்காக வருபவர் கீ லூக். ஒலிப்படக் காலத்து ஹாலிவுட்டில், சீனத் துப்பறிவாளர் வேடத்தைச் சீன வம்சாவளி நடிகரே ஏற்று, கதையின் நாயகனாகவும் தோன்றிய முதல் படம் என்று அதைக் குறிப்பிடுவது வழக்கம். நான் அதைச் சொன்னதும் நண்பர் குறுக்கிட்டார். "கார்லோஃப் கிளம்பிவிட்டார், தொடரை எப்படியாவது ஓட்ட வேண்டும், மலிவாகக் கிடைத்தவரை வைத்து எடுத்தார்கள். அதில் கொள்கையும் இல்லை, துணிச்சலும் இல்லை. அதைப் போய் வரலாறு என்கிறீர்களே" என்றார். அவர் சொன்ன விவரங்களில் மறுக்கத்தக்கது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அவற்றிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் ஏற்க முடியவில்லை என்பதை அந்த இடத்திலேயே சொல்லவும் வாய் வரவில்லை. அதன்பிறகு அந்தப் படத்தையும், அதற்கு முன்னால் வந்த கார்லோஃப் படங்களையும், சார்லி சான் என்ற இன்னொரு சீனத் துப்பறிவாளரைப் பற்றி அதே காலத்தில் வந்த படங்கள் சிலவற்றையும் மீண்டும் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு பேச்சுக்கான பதிலைத் தேடிப் போவதுதான்.

நண்பரின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைய அமெரிக்கத் திரையரங்குகள் பலவற்றில் ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டினார்கள். முதன்மைப் படம் எம்ஜிஎம், பாரமவுண்ட், வார்னர் போன்ற பெரிய நிறுவனங்களுடையதாக இருக்கும். வசூலில் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. உடன் காட்டப்படும் இரண்டாவது படத்துக்கோ நிலையான வாடகை மட்டும்தான். அரங்கு நிரம்பி வழிந்தாலும் காற்றாடினாலும் அந்தத் தொகை மாறாது. ஹாலிவுட்டின் கௌவர் தெருவையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் ஒட்டி முளைத்து, 'பாவர்ட்டி ரோ' என்று பெயர்பெற்ற சிறு நிறுவனங்கள் பிழைத்தது இந்த இரண்டாவது படத்தை நம்பித்தான். படம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் வரவு கூடப்போவதில்லை என்னும்போது, செலவில் மிச்சம் பிடிப்பதொன்றே லாபத்துக்கு வழி. ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ படப்பிடிப்பு, வாடகைக்கு எடுத்த அரங்குகள், வேறெதற்கோ எடுத்துவைத்த காட்சித் துணுக்குகள், சிறு தடுமாற்றம் நேர்ந்தாலும் நிறுத்தாமல் அடுத்த காட்சிக்கு நகரும் அவசரம் என்று எல்லாமே அந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. கொலை மர்மக் கதை இந்தக் கணக்குக்கு மிகவும் இசைந்தது. ஒரு பிணமும், ஒரு வரவேற்பறையும், ஐந்தாறு சந்தேக நபர்களும், அவர்களைக் கேள்வி கேட்க ஒருவரும் இருந்துவிட்டால் ஒரு மணி நேரத்தை நிரப்பிவிடலாம்.

டபிள்யூ. ரே ஜான்ஸ்டன் நடத்திவந்த மோனோகிராம், 1935-இல் ரிபப்ளிக் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு, ஒத்துவராமல் பிரிந்து, 1937-இல் மீண்டும் தன் பெயரிலேயே படமெடுக்கத் தொடங்கியது. அப்போது ஃபாக்ஸ் நிறுவனம் ஒருபக்கம் சார்லி சான், மறுபக்கம் மிஸ்டர் மோட்டோ என்று இரண்டு கீழைத்தேயத் துப்பறிவாளர் தொடர்களை வெற்றிகரமாக நடத்திக்கொண்டிருந்தது. அதே சந்தையில் கால்வைக்க விரும்பிய மோனோகிராம், கோலியர்ஸ் இதழில் ஹியூ வைலி எழுதிவந்த ஜேம்ஸ் லீ வோங் கதைகளைத் தேர்ந்துகொண்டது. வோங்காக நடிக்கக் கிடைத்தவர் போரிஸ் கார்லோஃப். 1936-க்குப் பிறகு ஹாலிவுட்டில் திகில் படங்களின் அலை ஓய்ந்திருந்தது. பிரிட்டனில் அவ்வகைப் படங்களுக்கென்றே 1937-இல் தனித் தணிக்கைச் சான்று வந்து, அங்கிருந்து வந்துகொண்டிருந்த வருமானமும் நிச்சயமற்றுப் போயிருந்தது. அந்த இடைவெளியில்தான் கார்லோஃப் போன்ற பெரிய பெயர் ஒன்று மோனோகிராமின் கைக்கு எட்டியது.

கார்லோஃபின் வோங்

1938 முதல் 1940 வரை வில்லியம் நை இயக்கத்தில் ஐந்து வோங் படங்கள் வந்தன. அவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. கார்லோஃபின் வோங் உடைந்த ஆங்கிலம் பேசுவதில்லை, பழமொழிகளை உதிர்ப்பதில்லை, குனிந்து கும்பிடு போடுவதில்லை. நேர்த்தியான மேலங்கியும் கையில் குடையுமாக, தாழ்ந்த குரலில், மெத்தப் படித்த ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரைப் போல நடமாடுகிறார். அன்றைய நிலையில் அது மரியாதையான சித்திரம்தான். ஆனால் இமைகளை இழுத்து ஒட்டிய அந்த ஒப்பனை, அண்மைக் காட்சி வரும்போதெல்லாம் கண்ணை உறுத்துகிறது. கார்லோஃப் ஏதாவது யோசிக்கும்போது நாம் அவர் கண்களைப் பார்க்க விரும்புகிறோம். அந்த இடத்தில் ஒப்பனைதான் தெரிகிறது. சிறந்த நடிகர் ஒருவர் தன் முகத்தின் பாதியை இழந்துவிட்டு, குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து படங்களைத் தாங்கியிருக்கிறார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. கார்லோஃபின் இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். லண்டனில் பிறந்தவர் என்றாலும் அவருடைய தந்தை பிரித்தானிய இந்தியாவின் உப்பு வரித் துறையில் பணியாற்றியவர். குடும்பத்தில் இந்திய இரத்தக் கலப்பு இருந்ததை அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய அண்ணன் ஜான் பிராட் பல ஆண்டுகள் சீனாவில் பிரித்தானியத் தூதரகப் பணியில் இருந்தவர். ஆசியாவோடு இவ்வளவு நெருங்கிய உறவுடைய ஒரு குடும்பத்தின் மகன், ஆங்கிலேயராகவே அறியப்பட்டு, ரஷ்யப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு, கலிபோர்னியாவில் ஒப்பனையின் துணையோடு சீனராக நடித்தார். ஆறாவது படத்தின் நாயகி லோட்டஸ் லாங்கின் நிலையும் இதே போன்றதுதான். ஜப்பானிய மரபும் ஹவாய் மரபும் கலந்த குடும்பத்தில் பிறந்த அவர், சீனப் பெயர் போல ஒலிக்கும் திரைப்பெயரோடு, சீனப் பெண் வேடங்களில் வந்துபோனார். எந்த முகத்துக்கு எந்த வேடம் என்பதை அன்றைய ஹாலிவுட் முடிவுசெய்த விதத்தில் ஒழுங்கான விதி எதுவும் இருக்கவில்லை. இருந்த ஒரே உறுதியான விதி, நாயகன் வேடம் ஆசியருக்குப் போகாது என்பதுதான்.

அந்த விதியின் கடுமையை 'தி குட் எர்த்' படம் காட்டியது. பேர்ல் பக்கின் நாவலை எம்ஜிஎம் 1937-இல் படமாக்கியபோது சீன உழவர் வேடம் பால் முனிக்கும், அவர் மனைவி வேடம் லூயிஸ் ரெய்னருக்கும் போயின. ரெய்னருக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. அப்போது ஹாலிவுட்டில் மிகவும் புகழ்பெற்ற சீன அமெரிக்க நடிகையான அன்னா மே வோங்குக்கு அந்த வேடம் தரப்படவில்லை. வெள்ளையருக்கும் பிற இனத்தவருக்கும் இடையிலான காதலைத் திரையில் காட்டக்கூடாது என்று தணிக்கை நெறி விலக்கிவைத்திருந்தது. கணவன் வேடத்தில் வெள்ளை நடிகர் இருந்தால் மனைவி வேடத்திலும் வெள்ளை நடிகைதான் இருந்தாக வேண்டும் என்று அது போய் முடிந்தது. அந்தப் படத்தில் பால் முனியின் மூத்த மகனாக நடித்தவர்தான் நம் கட்டுரையின் நாயகர் கீ லூக்.

விரிவுரை மண்டபம்

'ஃபாண்டம் ஆஃப் சைனாடவுன்' ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் படம். இயக்கியவர் ஃபில் ரோசன். அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் 1919-இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவர். மௌனப்படக் காலத்தில் பெரிய படங்களை இயக்கிவிட்டு, பிறகு இந்தச் சிறு நிறுவனங்களில் வேகவேகமாகப் படமெடுத்துக் காலம் தள்ளியவர். அந்த அனுபவம் இப்படத்தின் தொடக்கத்தில் தெரிகிறது. மங்கோலியப் பாலைவனத்துக்குப் பயணக் குழுவோடு சென்று, பழைய சீனப் பேரரசர் ஒருவரின் கல்லறையைக் கண்டுபிடித்துத் திரும்பியிருக்கும் டாக்டர் பென்டன், பல்கலைக்கழக மண்டபத்தில் உரை நிகழ்த்துகிறார். விளக்குகள் அணைந்திருக்கின்றன, பயணத்தில் எடுத்த படச்சுருள் ஓடுகிறது. பாலைவனமும் புழுதிப் புயலும் திரையில் வருகின்றன, அவர் விளக்கிக்கொண்டே போகிறார். நடுவில் மேசைமேல் இருக்கும் குடுவையிலிருந்து தண்ணீரை ஊற்றிக் குடிக்கிறார். அடுத்த சில நொடிகளில் சாய்ந்து விழுகிறார். "அணையா நெருப்பு" என்ற பொருளில் இரண்டு சொற்களை மட்டும் சொல்லிவிட்டு இறந்துபோகிறார். கல்லறையில் கிடைத்த ஓலைச்சுருளையும் காணவில்லை.

சிக்கனமே உத்தியாக மாறும் இடம் இது. பாலைவனத்துக்குப் போய்ப் படமெடுக்க மோனோகிராமிடம் பணமில்லை. கைவசமிருந்த பழைய காட்சிகளைத்தான் பயன்படுத்தியாக வேண்டும். அவற்றை நேரடியாகக் கதையில் ஒட்டியிருந்தால் ஒட்டு தனியாகத் தெரிந்திருக்கும். படத்துக்குள் ஓடும் படமாக அவற்றை ஆக்கியபோது, புள்ளி புள்ளியாகத் தெரியும் அந்தப் பழைய பிம்பங்களே நம்பகத்தன்மையைக் கொடுக்கின்றன. பயணத்தின் முன்கதை முழுவதும் ஒரு பேச்சில் சொல்லி முடிக்கப்படுகிறது. இருட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தின் கண்முன்னே கொலை நடக்கிறது. நாமும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம், நாமும் குடுவையைக் கவனிக்காமல் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய நிறுவனம் ஒன்று இதே கதையை எடுத்திருந்தால் கல்லறையையும் ஒட்டகங்களையும் காட்டியிருக்கும், இந்தக் குடுவைக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கதையின் மற்ற முடிச்சுகளை விவரிக்கப்போவதில்லை. கொலையாளி யார் என்பதை ஓரளவு பழகிய ரசிகர் பாதியிலேயே ஊகித்துவிடலாம்; அதற்காக இந்தப் படத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது, காவல் அதிகாரி ஸ்ட்ரீட்டும் லூக் நடிக்கும் ஜிம்மி வோங்கும் முகத்துக்கு முகம் நிற்கும் காட்சிகளை. ஸ்ட்ரீட்டாக ஆறு படங்களிலும் நடித்தவர் கிராண்ட் விதர்ஸ்தான். கார்லோஃபின் வோங்குடன் அவருக்கு நெடுநாள் நட்பு. ஆறாவது படமோ, இருவரும் இப்போதுதான் அறிமுகமாகிறார்கள் என்பதுபோலத் தொடங்குகிறது. ஆகவே அதே நடிகர், அதே சிடுசிடுப்பு, அதே தொப்பி எல்லாம் இருந்தும், எதிரில் நிற்பவர் மாறியதால் அந்தப் பேச்சுக்கே வேறு நிறம் வந்துவிடுகிறது. கார்லோஃபுக்கு முன்னால் ஸ்ட்ரீட், ஒரு மூத்த அறிஞரிடம் யோசனை கேட்கும் அதிகாரி. லூக்குக்கு முன்னால், தன் நகரத்தில் வாழும் சீன இளைஞன் ஒருவன் தன்னைவிட வேகமாக யோசிக்கிறான் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் வெள்ளை அதிகாரி.

லூக் இதை எப்படி நடிக்கிறார் என்பதை நிதானமாகப் பார்த்தால்தான் விளங்கும். மற்றவர்கள் அணிவது போன்ற சாதாரணக் கோட்டுதான். ஒப்பனை இல்லை. பேச்சு அமெரிக்காவில் வளர்ந்தவரின் இயல்பான ஆங்கிலம். ஸ்ட்ரீட்டின் பேச்சுக்கும் அவர் பேச்சுக்கும் உச்சரிப்பில் வேறுபாடு கிடையாது. ஸ்ட்ரீட் குரலை உயர்த்தும்போது இவர் தாழ்த்துவதும் இல்லை, பதிலுக்கு உயர்த்துவதும் இல்லை. கேட்டுக்கொள்கிறார், கொஞ்சம் பொறுக்கிறார், பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்கிறார். சீனக் கல்லறையைத் தோண்டியதைப் பற்றிய பேச்சு வரும் இடத்தில், பதிலுக்குச் சீன அகழாய்வுக் குழு ஒன்று ஜார்ஜ் வாஷிங்டனின் உடலைத் தோண்டுவதாகக் கேள்விப்பட்டேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை அமைதியாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். முதல்முறை அந்த வாக்கியம் என் காதைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாம்முறை கேட்டபோது நிறுத்தி, மறுபடி ஓடவிட்டேன். 1940-இல், ஒரு அமெரிக்கப் படத்தில், ஒரு சீனர், உங்கள் தேசத் தந்தையின் கல்லறையை நாங்கள் தோண்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு போலீஸ் அதிகாரியின் முகத்துக்கு நேரே கேட்கிறார், அதிகாரியிடம் அதற்குத் தக்க பதில் இல்லை. கார்லோஃப் இதைச் சொல்லியிருந்தால் சாதுரியமான வசனம் என்று கடந்துபோயிருப்போம். லூக் சொல்லும்போது அதில் தன்மானம் இருக்கிறது.

கதையின் மையமே அந்தக் கேள்வியை ஒட்டித்தான் சுழல்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. 'அணையா நெருப்பு' என்பது நிலத்தடி எண்ணெய் வளத்தைக் குறிக்கும் குறிப்பு. அது இருக்கும் இடத்தைச் சுருள் சொல்கிறது. பென்டனின் செயலாளராக இருக்கும் வின் லென் (லோட்டஸ் லாங்), உண்மையில் அந்தச் சுருளைத் தன் நாட்டுக்கு மீட்டெடுக்க வந்தவள். ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது. சீனத்தின் பெரிய கடற்கரை நகரங்கள் பறிபோய்விட்டிருந்தன. அமெரிக்கா ஜப்பானுக்கான எண்ணெய் ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது 1941-இல். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு சின்னப் படம், சீனாவின் எண்ணெய் சீனாவுக்குத்தான் சேர வேண்டும் என்பதை நாயகனும் நாயகியும் நிற்கும் பக்கமாக வைத்திருக்கிறது. ஒரு நாட்டின் கல்லறையிலிருந்து எடுத்துவந்தது யாருக்குச் சொந்தம் என்று கேட்கும் துப்பறியும் படங்களை அக்காலத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. சாபங்களையும் எழுந்து நடக்கும் பிணங்களையும் காட்டிய படங்கள்தான் ஏராளம்.

மூத்த மகன்

கீ லூக் 1904-இல் சீனாவின் குவாங்சௌவில் பிறந்து சியாட்டிலில் வளர்ந்தவர். திரையுலகுக்கு அவர் வந்தது ஓவியராக. திரைப்பட நிறுவனங்களுக்கு விளம்பர ஓவியங்கள் வரைந்துகொண்டிருந்தவர், 1934-இல் கிரெட்டா கார்போ நடித்த 'தி பெயிண்டட் வெயில்' படத்தில் சிறு வேடத்தில் தோன்றினார். மறு ஆண்டே 'சார்லி சான் இன் பாரிஸ்' படத்தில் சார்லி சானின் மூத்த மகன் லீ ஆனார். ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்டின் சார்லி சான், ஏர்ல் டெர் பிகர்ஸ் 1925-இல் படைத்த பாத்திரத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்திருந்த நேரம். தந்தை நிதானமாகப் பழமொழி சொல்வார். மகன் அமெரிக்க இளைஞனின் துள்ளலோடு உள்ளே நுழைந்து, அவசரப்பட்டு, தவறான ஆளைத் துரத்திப்போய் அடிபட்டு வருவான். இருவருக்கும் இடையில் இருந்த பாசம் பொய்யில்லை. 1938-இல் ஓலண்ட் இறந்தபோது லூக் அந்தத் தொடரிலிருந்து விலகினார்.

1931 தொடங்கி அந்தத் தொடர் நெடுகிலும் ஓர் ஒழுங்கு மாறாமல் இருந்ததைப் பார்க்கலாம். கீ லூக், விக்டர் சென் யங், பென்சன் ஃபாங் என்று மகன்களாக நடித்தவர்கள் சீன அமெரிக்கர்கள். தந்தையாக நடித்தவர்கள் மூவரும் வெள்ளையர்கள். தவறு செய்பவன், கற்றுக்கொள்பவன், தந்தையின் கண்டிப்புக்கு ஆளாகிறவன் என்ற இடத்தில் சீன முகம் இருக்கலாம். முடிவில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டிக் கொலையாளியைச் சுட்டும் இடத்தில் இருக்க முடியாது. துப்பறியும் கதையில் அந்தக் கடைசி அறைதான் அதிகாரத்தின் இடம். அங்கே பேசுகிறவரைத்தான் மற்ற எல்லோரும் மௌனமாகக் கேட்டாக வேண்டும். லூக் அந்த இடத்துக்கு வந்தது வோங்காக நடித்த அந்த ஒரே படத்தில்தான். 1940-ஆம் ஆண்டிலேயே யுனிவர்சலின் 'கிரீன் ஹார்னெட்' தொடர்படத்தில் முகமூடி நாயகனுக்குக் கார் ஓட்டும் கேட்டோவாக நடித்தவரும் இவர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், மோனோகிராம் கொடுத்த இடத்தின் அளவு தெரியும்.

இப்போது நண்பரின் பேச்சுக்கு வருகிறேன். கார்லோஃபுக்கு மோனோகிராமுடனான ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்த ஒரு படம் 'தி ஏப்' என்ற திகில் படமாக முடிந்தது. கதை உரிமை கையில் இருக்கிறது, ஸ்ட்ரீட்டும் இருக்கிறார், வாடகைக்குப் படத்தை எதிர்பார்க்கும் அரங்குகளும் இருக்கின்றன. லூக் பழக்கமான முகம், சீனத் துப்பறிவாளர் கதையோடு ஏற்கெனவே பொருந்திப்போனவர், சம்பளமும் கட்டுப்படியாகும். இந்தக் காரணங்களால்தான் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். மோனோகிராம் அதிகாரிகளுக்கு நீதியுணர்வின் பெயரால் மாலை போட எனக்கு எந்த ஆசையும் இல்லை. ஆனால் வாய்ப்பு வந்த காரணம் வேறு, வந்த வாய்ப்பில் ஒருவர் செய்த வேலை வேறு. அந்தக் குரலைத் தாழ்த்தாமல் பேசியது மோனோகிராமின் கணக்குப் பிள்ளை இல்லை. 1935 முதல் 1938 வரை அவசரக்கார மகனாக நடித்துப் பழகிய ஒருவர், அந்தத் துள்ளலை ஒட்டுமொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டு, படம் முழுக்க நிதானமாக நிற்கிறார். அதை ஒருவரும் அவரிடம் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை. படப்பிடிப்பின் வேகத்தில் சொல்லிக்கொடுக்கவும் நேரமிருந்திருக்காது. அது நடிகரின் முடிவு. அதைத்தான் நான் வரலாறு என்று சொல்கிறேன்.

எம்ஜிஎம்மால் முடியாததை மோனோகிராம் செய்ய முடிந்ததற்கும் அந்த மலிவுதான் காரணம். இவ்வளவு பணம் போட்டிருக்கிறோம், தெற்கு மாகாண அரங்குகள் என்ன சொல்லுமோ, நட்சத்திர மதிப்பு இல்லாமல் படம் ஓடுமோ என்ற அச்சங்கள் பெரிய படத்துக்குத்தான் உரியவை. நிலையான வாடகைக்குப் போகும் படத்தில் யார் நாயகன் என்பதைப் பற்றி மேலிடத்தில் எவரும் தூக்கமிழப்பதில்லை. ஏழையின் காலில் முள் குத்தினால் யார் கேட்கப் போகிறார்கள் என்பதுபோல, யாரும் கேட்காத இடம் என்பதாலேயே அங்கே ஒன்று நடந்துவிட்டது.

யாரும் கேட்காத இடம் என்பதாலேயே அது நின்றும் போனது. லூக்கின் வோங் ஒரு படத்தோடு முடிந்தார். தொடரே முடிந்தது. எதிர்ப்புக் கடிதங்களோ விவாதங்களோ தேவைப்படவில்லை. அரங்குக்காரர்களுக்குக் கார்லோஃப் என்ற பெயர் இல்லாத வோங் படம் விற்கச் சிரமமான சரக்கு, அவ்வளவுதான். ஃபாக்ஸ் கைவிட்ட சார்லி சான் தொடரை 1944-இல் அதே மோனோகிராம் எடுத்துக்கொண்டது. முதல் படத்தை இயக்கியவர் அதே ஃபில் ரோசன். சீனத் துப்பறிவாளரை வைத்துப் படமெடுக்க நிறுவனம் இருக்கிறது, இயக்குநர் இருக்கிறார், ஏற்கெனவே அந்த வேடத்தைத் திறம்படச் செய்துகாட்டிய நடிகரும் அதே ஊரில் இருக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1882 முதல் சீனக் குடியேற்றத்தை அடைத்துவைத்திருந்த விலக்குச் சட்டத்தையும் அமெரிக்க நாடாளுமன்றம் நீக்கியிருந்தது. ஆயினும் சான் வேடம் சிட்னி டோலருக்குப் போனது; 1947-இல் அவர் இறந்த பிறகு ரோலண்ட் விண்டர்ஸுக்குப் போனது. மொத்தம் பதினேழு படங்கள்.

எனக்குப் பொறுக்க முடியாதது இதற்குப் பிறகு நடந்தது. 1948-இல் 'தி ஃபெதர்ட் செர்பென்ட்' படத்துக்கு மோனோகிராம் கீ லூக்கை அழைத்தது, மீண்டும் மூத்த மகன் லீயாக நடிக்க. மறு ஆண்டு அத்தொடரின் கடைசிப் படமான 'ஸ்கை டிராகன்' படத்திலும் அதே வேடம். லூக்குக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. தந்தையாக நடித்த ரோலண்ட் விண்டர்ஸும் 1904-இல் பிறந்தவர்தான். லூக் ஜூனில், விண்டர்ஸ் நவம்பரில். தன்னைவிட ஐந்து மாதம் இளையவரை 'அப்பா' என்று அழைத்துக்கொண்டு, எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தான் நாயகனாக நடித்த அதே நிறுவனத்தில், அவர் மீண்டும் தவறான ஆளைத் துரத்தும் மகனாக நிற்கிறார். அந்தப் படங்களில் அவர் நடிப்பில் குறையொன்றும் இல்லை. துள்ளலை மறுபடி எடுத்து அணிந்துகொண்டிருக்கிறார். வேலை சுத்தமாக இருக்கிறது. வோங்கைப் பார்த்த கண்ணால் அதைப் பார்ப்பதுதான் கடினமாக இருக்கிறது.

லூக் இதைப் பற்றிக் கசப்போடு பேசியவர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் சார்லி சான் படங்கள் சீனரை இழிவுபடுத்தின என்று கண்டனம் எழுந்தபோது அவர் அதை ஏற்கவில்லை; நாயகனே சீனராக இருக்கும் படம் எப்படி இழிவாகும் என்பது அவர் கேள்வியாக இருந்தது. அந்தத் தொடரில் வேலை செய்ததை அவர் பெருமையாகவே கருதினார். சீனர் என்றாலே திரையில் வில்லன் ஃபூ மாஞ்சுவாகத்தான் தெரிந்த காலத்தில், அறிவும் அன்பும் உள்ள ஒரு சீனத் தந்தையைக் கோடிக்கணக்கானோர் விரும்பிப் பார்த்தார்கள் என்பது சிறிய காரியமில்லை. அவர் பேச்சை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்னதையும் மீறி, அவர் செய்துகாட்டியதே என்னை அதிகம் நம்பவைக்கிறது. வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு 'ஃபாண்டம் ஆஃப் சைனாடவுன்' சான்றாக இருக்கும்போது, அன்றைக்கு அவ்வளவுதான் சாத்தியம் என்ற சமாதானத்தை ஏற்பதற்கில்லை.

அவருடைய தொழில் வாழ்க்கை அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் நீண்டது. பிராட்வேயில் 'ஃபிளவர் டிரம் சாங்', தொலைக்காட்சியில் 'குங் ஃபூ' தொடரின் பார்வையற்ற குரு, 1984-இல் 'கிரெம்லின்ஸ்', 1990-இல் வூடி ஆலனின் 'ஆலிஸ்' என்று 1991-இல் இறக்கும்வரை நடித்துக்கொண்டே இருந்தார். 1972-இல் தொலைக்காட்சிக்காகத் தயாரான ஒரு கார்ட்டூன் தொடரில் சார்லி சானுக்கு அவர்தான் குரல் கொடுத்தார். அமெரிக்கத் திரையில் சீன வம்சாவளியினர் ஒருவர் சானாகப் பேசியது அதுவே முதல்முறை. அந்தத் தொடர் பதினாறு பகுதிகளோடு முடிந்தது. வோங் படத்தைப் பார்க்க விரும்புவோர், கார்லோஃபின் கடைசி வோங் படமான 'டூம்ட் டு டை' படத்தை முதலில் பார்த்துவிட்டு, இடைவெளி விடாமல் இதைத் தொடர்ந்து பார்ப்பது நல்லது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை, ஒரே நிறுவனத்துடையவை, ஸ்ட்ரீட்டும் அதே ஸ்ட்ரீட்தான். மாறியிருப்பது என்ன என்பது ஐந்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.